குடிகாரன் வேஷமும் பெண்டாட்டி சேலையும்

மது விழிப்புணர்வு நாடகத்தில் குடிகாரன் வேஷத்தை எனக்குக் கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பொறியியல் மூன்றாம் வருடம். கல்லூரியில் ஒரு வாரச் சேவை முகாம். ஐந்து இடங்களில் தெருநாடகம் போட வேண்டும் என்றார் பொறுப்பு ஆசிரியர். "குடிகாரனா யாரு வாறது?" என்று கேட்டார். மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கெத்துகூட இருந்தது. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

நான் பெரிய குடிகாரன் ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. எல்லாம் "செலவு" வகையில் வருவது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் செலவு என்றால் விருந்து. பைக் எடுத்தால் செலவு. அரியர் பேப்பர் பாஸானால் செலவு. அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவானால் செலவு. "எப்பம்லே செலவு?" என்று கேட்பதுதான் எங்கள் வாழ்த்து. முதலில் பரோட்டாவோடும் பீஃப் ரோஸ்டோடும் முடிந்த செலவு, முதல் வருடம் பாதியிலேயே பாட்டிலுக்கு மாறியிருந்தது. யார் மாற்றினார்கள், எந்த நாளில் மாறியது என்று எங்கள் கேங்கில் ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை.

நாடகத்தில் நாலு பேர். குடிகாரன் நான். சாராயக் கடைக்காரன் என் நெருங்கிய கூட்டாளி, எங்கள் கேங்கின் செலவு மந்திரி. யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று அவனுக்கு மனப்பாடம். டாக்டர், எங்கள் வகுப்புப் பெண். முதலில் அவளைத்தான் பெண்டாட்டி வேஷத்துக்குக் கேட்டார்கள்.

"அடி வாங்குற வேஷமா? வேண்டாம் சார். அது எங்க தெருவுலயே தெனமும் நடக்கு. டாக்டர்னா வாறேன்" என்றாள்.

அதனால் பெண்டாட்டி வேஷம் ஒரு பையனுக்குப் போயிற்று. கடற்கரை ஊர்க்காரன், கத்தோலிக்கன், அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போகிறவர்கள். ஒல்லி, மீசை சரியாக முளைக்கவில்லை என்பதுதான் தகுதி. அவனுடைய அக்காவின் நைலான் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தான். அன்று முதல் அவனுக்குக் கல்லூரியில் வேறு பெயர் இல்லாமல் போனது. நானும் இங்கே அவனைப் பெண்டாட்டி என்றே எழுதுகிறேன், அவன் இதைப் படித்தால் கெட்ட வார்த்தை சொல்வான் என்று தெரிந்தும்.

அவன் குடிக்க மாட்டான். செலவுக்கு எல்லாம் வருவான், மிக்சர் தின்பான், கதை பேசுவான், கடைசியில் நிற்க முடியாதவனை வீட்டில் கொண்டுபோய் விடுவான். ஒவ்வொரு முறையும் நாங்கள் அவனைக் குடிக்கச் சொல்வோம். ஒவ்வொரு முறையும் மாட்டான். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அவனுக்கு அது என்ன என்று நான் யோசித்ததே இல்லை.

நாடகம் எல்லாரும் பார்த்ததுதான். குடிகாரன் தள்ளாடி வருவான், கஞ்சிப் பானையை உதைப்பான், பெண்டாட்டியை அடிப்பான், இருமி இருமிச் சாவான். டாக்டர் கல்லீரல் படத்தை விரித்துக் காட்டி நாலு வரி சொல்வாள். முடிவில் கோஷம். முதல் காட்சி ஆரல்வாய்மொழியில். காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று எங்கள் வசனத்தையும் சேலையையும் தூக்கிக்கொண்டு போனது. ஜனங்கள் சிரித்து உருண்டார்கள். அடுத்த இரண்டு ஊர்களிலும் சிரித்தார்கள். நான் விழுகிற ஒவ்வொரு முறையும் கைதட்டல். மது எதிர்ப்பு நாடகத்தில் மக்களுக்கு மிகவும் பிடித்தது குடிகாரனைத்தான்.

நாலாவது காட்சி குழித்துறைச் சந்தை முக்கில், காலை பத்து மணிக்கு. அன்றைக்கு நான் உச்சத்தில் இருந்தேன். மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா, "இவன் ஒள்ளதாவே குடிச்சிட்டுதான் வந்திருக்கான்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்கே கேட்டது. அதைவிடப் பெரிய விருது உண்டா.

காட்சி முடிந்ததும் ஆசிரியர் வேனில் ஏறிப் போனார். நாங்கள் நாலைந்து பேர் சாயங்காலம் பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லி நின்றோம். கடைக்காரன் என் தோளில் கை போட்டான்.

"செலவு எங்கேலே?"

"எதுக்கு?"

"எதுக்கா? இந்த மாவட்டத்துல ஒன்ன மாதிரி குடிகாரன் கெடையாதுன்னு சந்தையே சொல்லுது. செலவு உண்டா இல்லையா?"

ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கேதான் உட்கார்ந்தோம். மது ஒழிக என்று எழுதின பேனரைக் கீழே விரித்து அதன்மேல் உட்கார்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு மூன்று கிளாஸ். காலையில் வெறும் வயிறு. முகத்தில் பூசின கரியும் பவுடரும் வேர்வையில் வடிந்து எரிந்தது. கழுவலாம் என்று ஆற்றில் இறங்கினேன்.

மலையில் மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. குளிக்கிற கடவில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"காலையில சந்தையில ஆடினவன்லா இது."

அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று வசனத்தை எடுத்துவிட்டேன். "ஏட்டி, எனக்க கஞ்சி எங்கட்டி?" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினேன். கரை முழுக்கச் சிரிப்பு. கடைக்காரன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று தள்ளாடி இரண்டடி பின்னால் வைத்தேன். மூன்றாவது அடிக்கு அடியில் தரை இல்லை. எப்போதோ மணல் அள்ளின குழி.

எனக்கு நீச்சல் தெரியும். ஐந்தாவது படிக்கும்போதே குளத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனவன். குடித்தால் நீச்சல் மறக்காது. கரை எந்தப் பக்கம் என்பதுதான் மறந்து போகும். கையும் காலும் தம் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தன. நான் நன்றாக நீந்துகிறேன் என்றே நினைத்தேன். தண்ணீர் வாய்க்குள் போனபோதும் பயம் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கல்லீரல் படமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஆபத்து என்று உள்ளே மணி அடிக்கிறவனைத்தான் அந்த மூன்று கிளாஸும் முதலில் தூங்க வைத்திருந்தன.

கரையில் எல்லாரும் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஒருவன் மட்டும் காத்திருக்கவில்லை. பெண்டாட்டி தோட்டத்து ஓரத்தில் நின்று பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், சேலை இன்னும் உடம்பில். சேலையை உருவி, ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு, பாவாடையும் பிளவுஸுமாகக் கடவுக்கு ஓடி வந்து வீசினான். முதல் இரண்டு வீச்சையும் ஆறு இழுத்துக்கொண்டது. மூன்றாவது என் முகத்தில் அடித்தது. பிடித்தேனா, சுற்றிக்கொண்டதா தெரியாது. இழுத்தான். சேலை கிழிந்தது, ஆனால் அறுந்து போகவில்லை.

என்னைப் படியில் போட்டபோது கரை முழுக்கக் கைதட்டியது. குடிகாரனைப் பெண்டாட்டி சேலையால் காப்பாற்றுகிற புது சீன் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஆற்றை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் குனிந்து, "செமையா பண்ணினே மக்கா, ஒள்ளது மாதிரியே இருந்து" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனும் மூன்று கிளாஸ்.

பஸ்ஸில் குளிரில் என் பல் தந்தியடித்தது. பெண்டாட்டி வேஷம் மாற்றி அரைக்கைச் சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பஸ் பாதி தூரம் வந்ததும் கேட்டேன்.

"நான் நடிக்கல்லேன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சு?"

"முங்குறவன் சத்தம் போட மாட்டான். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்."

"அவ்ளோதானா?"

"நீ ஒண்ணும் பறையாம கெடந்தே. நீ பறையாம இருக்க ஆளாலே?"

"ஏன் சாடல்ல? நீ நல்லா நீந்துவியே."

"சாடினா நீ எனக்க கழுத்தப் பிடிப்பே. பின்ன ரெண்டு சவப்பெட்டி வேணும்."

அதோடு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவன் அதைக் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அந்த ஒரு விஷயத்துக்கே அவனுக்கு நான் கடன்பட்டவன்.

மறுநாள் காலை அம்மை அடுக்களையிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் வைத்த ஸ்டேட்டஸ் எங்கள் சித்தி மகள் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது.

"நல்லா நடிச்சிருக்கியே மக்களே. நான் ஒரு நிமிசம் பயந்துட்டேன் கேட்டியா. இத அப்பனுக்கு அனுப்பட்டா?"

அப்பா குவைத்தில் இருக்கிறார். வேண்டாம் என்றேன். போனை வாங்கி நானும் பார்த்தேன். நான் கத்துவது, சிரிப்பு, தள்ளாட்டம், சிரிப்பு. அப்புறம் என் தலை மட்டும் மேலும் கீழும். என் சத்தம் இல்லை. சிரிப்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மை மறுபடியும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். பெற்ற பிள்ளை முங்குவதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள், அவளுக்கு அது தெரியாது, தெரியக்கூடாது. நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

இனி குடிப்பதில்லை என்று முடிவு செய்தது அங்கேதான். சிக்கல் என்னவென்றால், அப்படி நான் ஏற்கனவே இரண்டுமுறை முடிவு செய்திருக்கிறேன். கிளாஸை நீட்டிய பிறகு அதிகபட்சம் தாக்குப்பிடித்தது பதினோரு நிமிடம். அதோடு, இரண்டு நாளில் தக்கலையில் கடைசிக் காட்சி. அது முடிந்ததும் பெரிய செலவு என்று கடைக்காரன் வாட்ஸாப் குரூப்பில் நாலு நாளாக எழுதிக்கொண்டிருந்தான். அவன் கிளாஸை நீட்டுவான், நான் வாங்குவேன். எனக்கு அது தெரிந்திருந்தது.

பகல் சாப்பாட்டு இடைவேளையில் கல்லூரி சைக்கிள் ஷெட்டில் பெண்டாட்டியைப் பிடித்தேன். டாக்டர் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். ஆற்றில் நடந்ததை அவளுக்கும் சொல்லியிருந்தேன்.

"மூணு வருசமா எப்படிலே சமாளிச்சே?"

அவன் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினான்.

"நான் கடைக்காரனாக்கும். நீ நீ. சொல்லிப் பாப்போம். ஒண்ணு பிடி மக்கா."

"வயிறு சரியில்ல."

"அதுக்கு இதுதானே மருந்து. பிடி."

"நாளைக்கு டெஸ்ட் இருக்கு."

"ஒரு மடக்கு போதும், படிச்சது பூரா நிக்கும்."

"வீட்டுல மணம் வரும்."

"ஏலக்கா வச்சிருக்கேன். பிடி."

கை தானாக மூடியை வாங்கியது. ஒரு நிமிடம்கூட இல்லை. டாக்டர் வாயில் சோற்றோடு சிரித்தாள்.

"காரணம் சொல்லாதே" என்றான். "நீ காரணம் சொன்னா அவனுக்குப் பதில் சொல்ல வேல கெடைக்கும். வேண்டாம்னு சொல்லு. பின்ன வேற கதையப் பேசு."

"நீ மொதல் வருசம் காரணம் சொன்னியே. நோம்புன்னு" என்றேன்.

"சொன்னேன். அதுதான் நான் செய்த மண்டத்தனம்."

எனக்கு அது முழுக்க நினைவு வந்தது. முதல் வருடம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் அவனை யாரும் தொந்தரவு செய்யவில்லை. நோம்புக்காரனை வற்புறுத்தினால் பாவம். ஐயப்பனுக்கு மாலை போட்டவனையும் அப்படித்தான், கிளாஸை நீட்டவே மாட்டோம். எங்கள் ஊர்க் குடிகாரர்களுக்கும் பக்தி உண்டு. ஆனால் நாள் கணக்கும் உண்டு. ஈஸ்டர் அன்று மத்தியானமே பாட்டிலோடு அவன் வீட்டு முன்னால் போய் நின்றோம். நோம்பு முடிந்தது, இனி என்ன சாக்கு என்று கேட்டோம்.

"அண்ணைக்கு மனசிலாச்சு" என்றான். "காரணத்துக்கு ஒரு கடைசி நாள் உண்டு. வேண்டாங்கிறதுக்குக் கெடையாது."

மறுபடி ஆரம்பித்தோம். அவன் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். நீ ஆம்பளதானா. எங்களவிட ஒனக்கு வேற ஆளு கெடைச்சாச்சு இல்லையா. சும்ம நாக்குல வை. ஒருநாள்தானே. கிளாஸ் கையில இருக்கட்டும், குடிக்காண்டாம். குரல்கூட மாறிற்று. இது கடைக்காரன் குரல், இது ஹாஸ்டல் பையன் குரல் என்று எனக்கு ஆள் ஆளாகத் தெரிந்தது. ஒரு சொட்டும் குடிக்காதவனிடம் மூன்று வருடத்துக் குடிகாரர்களின் வசனம் முழுக்க இருந்தது. இருக்காதா பின்னே, அத்தனையும் வாங்கினவன் அவன் ஒருவன்தான்.

அப்புறம் ஒன்று சொன்னான். "கடப்புறத்துக்காரன் குடிக்க மாட்டான்னு சொன்னா மீன் கூட நம்பாதுலே."

ஷெட்டில் எல்லாரும் சிரித்த மாதிரி எனக்குக் கேட்டது, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. அது கடைக்காரன் வசனம் இல்லை, ஹாஸ்டல் பையனுடையதும் இல்லை. என்னுடையது. முதல் வருடம் யாரோ ஒருவன் பிறந்தநாளில் நான் சொன்னது. அந்த ஜோக்குக்காகத்தான் கேங்கில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"அது நான் சொன்னது" என்றேன்.

"ஓ. நல்லா சிரிச்சானுவ."

"சாரிலே."

"வசனம் சொல்லு. நீ என்ன சொல்லுவே?"

"வேண்டாம்."

"ஆ. இப்பம் கொள்ளாம், நல்லா இருக்கு."

அவன் ஏன் குடிப்பதில்லை என்று அப்போது கேட்டேன். "நீயும் கடைக்காரன் ஆயிட்டியா?" என்றான். இன்றுவரை எனக்குத் தெரியாது. இனி கேட்கப்போவதும் இல்லை.

டாக்டர் டிபன் பாக்ஸை மூடினாள். "லேய், இதத்தான் நாடகமா போடணும். நம்ம நாடகத்துல மொத சீன்லயே இவன் குடிகாரன். எப்படி ஆனான்னு ஒருத்தனும் காட்டல்ல. தக்கலையில பாக்கப்போறது பூரா பதினேழு பதினெட்டு வயசுப் பயலுவ. பானைய ஒதைக்கிறவனப் பாத்துட்டு, இது நான் இல்லன்னு சிரிச்சிட்டுப் போவானுவ."

ஆசிரியர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கல்லீரல் படம் மட்டும் இருக்கட்டும் என்றார், பிரிண்ட் எடுத்தாயிற்றாம். கடைக்காரனும் உடனே ஒத்துக்கொண்டான். நண்பனாக வந்து குடிக்கச் சொல்ல வேண்டும், எழுதின வசனம் கிடையாது என்றதும், "அதுக்கு எனக்கு ரிகர்சல் வேணுமா?" என்றான்.

தக்கலையில் ஒரு பாலிடெக்னிக் ஹால். மத்தியானம் இரண்டு மணி, நூற்றுக்கு மேல் பையன்கள், பாதிப் பேர் தூக்கத்தில். டாக்டர்தான் தொடங்கினாள். கல்லீரலைக் காட்டிவிட்டு மடித்து வைத்தாள். "இது கெட்டுப்போக வருசக்கணக்கா ஆவும். அதுக்கு முன்ன ஒண்ணு போவும், மூணாவது கிளாஸ்லயே" என்று சொல்லி ஆற்றுக் கதையைச் சொன்னாள். யாருடைய கதை என்று சொல்லவில்லை. மணல் குழியில் விழுந்தவன், தான் நன்றாக நீந்துவதாகவே நினைத்தான் என்று சொன்னபோது தூங்கினவர்களும் தலை நிமிர்ந்தார்கள். கடைக்காரன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். அதுவரை அவனிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு நாங்கள் இருவரும் முன்னால் வந்தோம். கிளாஸில் பால் சேர்க்காத கட்டன் சாயா. அவன் நீட்டினான்.

"பிடிலே. ஒனக்குப் பெறந்தநாள்லா."

"வேண்டாம்."

"ஒரு மடக்கு."

"வேண்டாம். நேத்து மேட்ச் பாத்தியா?"

"மேட்ச் கெடக்கட்டும். எங்கள அவமானப்படுத்துகியா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணா, ஆம்பளையான்னு கேளுங்க." ஹால் எழுந்து உட்கார்ந்தது. "சோடா ஊத்தித் தாறேன்னு சொல்லுங்க." "அவனுக்க ஆளு விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க, ஒடனே குடிப்பான்." எல்லாருக்கும் எல்லா வசனமும் தெரிந்திருந்தது. கடைக்காரன் ஒவ்வொன்றையும் வாங்கி என்மேல் எறிந்தான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உள்ளே கட்டன் சாயாதான் என்று தெரியும், ஆனாலும் வாங்கிவிட்டால் இந்தக் கத்தல் நின்றுவிடும் என்று தோன்றியது. வேண்டாம், வேண்டாம் என்று ஒன்பதோ பத்தோ தடவை சொன்னேன். ஓரத்தில் சட்டை பேண்ட்டில் நின்ற பெண்டாட்டி, அன்றைக்கு அவனுக்கு வேஷமே இல்லை, உதட்டை மட்டும் அசைத்து என்னோடு எண்ணிக்கொண்டிருந்தான்.

நடுவரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் கத்தவில்லை. கடைக்காரனைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணா, அவரு கடைசி வர குடிக்கலன்னா, நீங்க அவருகூடப் பேசுவியளா மாட்டியளா?"

இது நாடகத்தில் இல்லாத கேள்வி. கடைக்காரன் கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் முன்பே சொன்னேன், எழுதின வசனம் கிடையாது.

"கொஞ்ச நாள் பேசமாட்டேன்" என்றான்.

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நானும் இல்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "ஏறு. எல்லாவனும் அங்க வந்தாச்சு."

"வேண்டாம் மக்கா."

"நாடகம் முடிஞ்சுலே."

"முடிஞ்சு. வேண்டாம்."

"ஆத்துல நடந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா வீடியோ எடுப்பேனா?"

"தெரியும். அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

காரணம் கேட்கிறான். நூறு காரணம் நாக்கு நுனியில் நின்றது. "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டேன். அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கொஞ்ச நாள் என்பது ஐந்து வாரம் ஆனது. குடியை விடுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை, நான் அந்த அளவுக்குப் போகவில்லை. கேன்டீனில் வழக்கமான மேஜையைத் தாண்டி நடப்பதுதான் கஷ்டம். அவர்கள் சிரிப்பது கேட்கும், எதற்கு என்று தெரியாது. இரண்டுமுறை போய்விடலாமா என்று நினைத்தேன். ஒருமுறை பாதி தூரம் நடந்தும் போனேன். பெண்டாட்டி பின்னாலிருந்து, "லேய், இங்க ரசவட தீரப்போவுது" என்று கூப்பிட்டான். போகாதே என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். வடைக்குத் திரும்பினேன்.

அவனுக்கு என்னிடம் கோபப்பட மூன்று வருடத்துக் காரணம் இருந்தது. கேங்கில் இருந்தும் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தவன். நான் அங்கே உட்கார்ந்து சிரித்தவன். அப்படியிருந்தும் அந்த ஐந்து வாரம் தினமும் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்தான், புத்தகத்தைப் பக்கத்து நாற்காலியில் போட்டு. ஆற்றிலிருந்து இழுத்ததற்கு நன்றி சொல்ல எல்லாருக்கும் தெரியும். இதற்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருநாள் "தேங்க்ஸ்லே" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். இடம் பிடிச்சதுக்கு என்றேன். "சவமே, தின்னு" என்றான்.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. கடைக்காரன்.

"ஞாயித்துக்கிழம அக்காவுக்குக் கல்யாணம். விளம்ப ஆளு வேணும். வாறியா?"

எங்கள் ஊரில் கல்யாணப் பந்தியில் பரிமாறுவது கூட்டாளிகளின் வேலை. கூப்பிடாமல் விட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

"வாறேன்."

"குடிக்கச் சொல்ல மாட்டேன்னு எல்லாம் நான் சொல்லல்ல. நான் சொல்லுவேன்."

"சொல்லு. நானும் சொல்லுவேன்."

"ம்" என்று வைத்துவிட்டான்.

நானும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில் போனோம். பந்திக்கு முன்னால் மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிட்டு, சொன்ன மாதிரியே நீட்டினான். வேண்டாம் என்றேன். சுற்றி நின்றவர்கள் ஓ என்று இழுத்தார்கள். மறுபடி நீட்டினான். வேண்டாம், பந்தி ஆரம்பிச்சாச்சா என்று கேட்டேன். மூன்றாவது தடவைக்குள் சமையற்காரர் எட்டிப் பார்த்தார்.

"பிரதமன் தூக்க ஆளு வேணும். குடிச்சவன் ஒருத்தனும் வராண்டாம். போன கல்யாணத்துல ஒருத்தன் மாப்பிள்ளைக்க மாமன் மடியில கொட்டினான்."

கொதிக்கிற அடைப்பிரதமன் பாயசம், முழு வாளி. கடைக்காரன் சுற்றிலும் பார்த்தான். அங்கே நின்ற எட்டுப் பேரில் நாங்கள் இரண்டே பேர்தான் தேறினோம். அவன் என் கையில் அகப்பையைத் திணித்தான்.

"போ. கொட்டினியோ, கொன்னுருவேன்."

மூன்று பந்தி. ஒரு வரிசை எனக்கு, எதிர்வரிசை பெண்டாட்டிக்கு. மூன்றாவது பந்தியில் கடைக்காரனின் அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊற்றும்போது நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கியா மக்களே? ரொம்ப நாளா வீட்டுக்கு வரல்லியே" என்றார்.

"இனி வாறேன் அம்மா" என்று சொல்லி, இன்னொரு அகப்பை ஊற்றினேன்.